கேள்வி நேரம்: ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதிய விதம்

சென்ற இதழில் ஸ்வீடனின் சிறுவர் நாவலாசிரியர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனை (1907–2002) அறிமுகம் செய்திருந்தோம். 'பிப்பி லாங்ஸ்டாக்கிங்' என்ற ஒன்பது வயதுப் பெண்ணை உலகத்துக்குத் தந்தவர். நூறு மொழிகளுக்கு மேல் போயிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவர் எப்படி எழுதினார் என்று கேட்பவை. அவற்றுக்கே முதலிடம்.

பிப்பி, காய்ச்சலில் கிடந்த மகளுக்கு வாய்க்கு வந்தபடி சொன்ன கதை என்கிறார்களே. அது அப்படியே புத்தகமாகிவிட்டதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தொடக்கம் அப்படித்தான். 1941-ல் நுரையீரல் அழற்சியில் படுத்திருந்த மகள் காரின், "பிப்பி லாங்ஸ்ட்ரம்ப் கதை சொல்லும்மா" என்றாள். பெயர் அந்த நொடியில் அவளே உண்டாக்கியது. பெயரே விசித்திரமாக இருந்ததால் பெண்ணையும் விசித்திரமாகப் படைத்தார் அம்மா.

ஆனால் கதை காகிதத்துக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. 1944 மார்ச்சில் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டுக் கிடந்தபோதுதான் லிண்ட்கிரென் எழுத உட்கார்ந்தார். மே மாதம் காரினின் பத்தாவது பிறந்தநாளுக்குத் தட்டச்சுப் பிரதி பரிசாகப் போனது. இன்னொரு பிரதியை ஸ்டாக்ஹோமின் பெரிய பதிப்பகமான போனியர்ஸுக்கு அனுப்பியிருந்தார். குழந்தைகள் நல வாரியத்துக்குத் தகவல் சொல்லிவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று கூடவே ஒரு குறிப்பு. சில மாதங்களில் பிரதி திரும்பி வந்துவிட்டது.

அதே ஆண்டு ராபேன்–ஷோக்ரென் என்ற சிறிய பதிப்பகம் சிறுமியருக்கான நாவல் போட்டி நடத்தியது. அதில் வேறொரு நாவலுக்கு இரண்டாம் பரிசு பெற்றார். 1945-ல் அவர்களே ஆறு முதல் பத்து வயதினருக்கான போட்டி வைத்தபோது பிப்பியை எடுத்துத் திருத்தி எழுதி அனுப்பினார். முதல் பரிசு. நவம்பரில் புத்தகம் வந்தது.

திரும்பி வந்த முதல் பிரதியை அவருடைய நூற்றாண்டான 2007-ல் தனி நூலாகவே வெளியிட்டார்கள். ஸ்வீடிஷ் தெரிந்த எழுத்தாளர் எவரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முதல் பிரதியில் பிப்பி ஓயாமல் பேசுகிறாள். அர்த்தமில்லாத பாட்டுகள் நீண்டுகொண்டே போகின்றன. பெரியவர்களிடம் வாய்த்துடுக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. அச்சான பிரதியில் பேச்சு குறைந்து, துடுக்கோடு கருணையும் சேர்ந்திருக்கிறது. நாம் கொண்டாடும் பிப்பி அந்தத் திருத்தத்தில் பிறந்தவள். பிரதி திரும்பி வந்தது புத்தகத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்பது எங்கள் எண்ணம்.

வேலைக்கும் போய்க்கொண்டு இத்தனை புத்தகங்கள் எழுதினாராம். ஒரு நாளில் எப்போது எழுதினார்? சுருக்கெழுத்தில் எழுதினார் என்பதும் உண்மையா? நான் இன்ஸ்டிட்யூட்டில் பிட்மன் ஹையர் பாஸ் செய்தவன்.
— ஒரு வாசகர், திருச்சி

உண்மை. 1946 முதல் 1970-ல் ஓய்வு பெறும்வரை அவர் ராபேன்–ஷோக்ரென் பதிப்பகத்தின் சிறுவர் நூல் பிரிவு ஆசிரியர். அலுவலகம் பிற்பகலில் மட்டும். காலை முழுக்கச் சொந்த எழுத்து, பெரும்பாலும் படுக்கையிலேயே, மடியில் சுருக்கெழுத்து நோட்டோடு. பிற்பகலில் மற்றவர்களுடைய பிரதிகளைத் திருத்துவது, எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கடிதம் எழுதுவது. காலையில் எழுதுபவராகவும் மதியம் வெட்டுபவராகவும் இருந்தது அவருடைய வாக்கியங்களிலேயே தெரிகிறது; தேவையில்லாத சொல் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

அவருடைய நோட்டுகளில் சுமார் 670 இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நீங்கள் கற்றது பிட்மன். அவர் கற்றது ஸ்வீடனில் வழங்கிய மெலின் முறை. முறை தெரிந்தவர்களும் அவற்றைப் படிக்க முடியாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: பழக்கம் ஏற ஏற ஒவ்வொருவரும் சொந்தச் சுருக்கங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். 2020-ல் ஆய்வாளர்களும் தன்னார்வச் சுருக்கெழுத்தர்களும் சேர்ந்து பிரிக்கத் தொடங்கியபோது, ஒரே காட்சியை அவர் மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தது வெளியே வந்தது. திருத்தமெல்லாம் நோட்டிலேயே முடிந்துவிடும். பிறகு தானே தட்டச்சு செய்வார். அந்தப் பிரதியில் அடித்தல் திருத்தல் அரிது.

பின்பற்ற விரும்புபவர்களுக்கு இதில் ஒரு உபாயம் இருக்கிறது. கணினியில் தட்டியவுடனே அச்செழுத்தில் தெரிவதால் முதல் வரைவே முடிந்த பிரதி போலத் தோன்றிவிடும். கையால் எழுதி, கையாலேயே இரண்டு மூன்று முறை மாற்றி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு தட்டச்சுக்குப் போங்கள்.

ஆறாம் வகுப்பில் பிப்பியை வாசித்துக்காட்டி, மாணவர்களை அதே மாதிரிக் கதை எழுதச் சொன்னேன். எல்லாரும் சேட்டையை மட்டும் எழுதுகிறார்கள், சிரிப்பு வரவில்லை. எங்கே தவறுகிறது?
— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பெரியவர்கள் குழந்தையைக் கட்டிவைப்பது மூன்றால்: பணம், உடல்வலு, "நான் சொல்கிறேன், கேள்" என்னும் உரிமை. லிண்ட்கிரென் மூன்றையும் முதல் அத்தியாயத்திலேயே நீக்கிவிடுகிறார். பிப்பியிடம் பெட்டி நிறையத் தங்கக் காசு. குதிரையைத் தூக்கி வராந்தாவில் வைக்கும் பலம். அம்மா இறந்துவிட்டாள், கப்பல் கேப்டன் அப்பா கடலில் காணாமல் போய்விட்டார். இனி அவள் யாருக்கும் பணிய வேண்டியதில்லை. அப்படிப்பட்டவள் பலவீனர்களை அடிப்பதே இல்லை என்பதுதான் புத்தகத்தின் அச்சாணி. உங்கள் மாணவர்கள் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டிருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் விதிமுறை உள்ள ஓர் இடம் வேண்டும்: பள்ளி, சர்க்கஸ், காபி விருந்து. பள்ளி அத்தியாயத்தைப் பாருங்கள். பிப்பி பள்ளிக்குப் போவதே, மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை உண்டு, தனக்கு இல்லை, இது அநியாயம் என்பதால். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்கிறார் ஆசிரியை. உங்களுக்கே தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்கிறாள் பிப்பி. பன்னிரண்டு என்று அவரே சொன்னதும், தெரிந்துகொண்டே ஏன் கேட்டீர்கள் என்கிறாள். எட்டும் நாலும் எவ்வளவு? ஏறக்குறைய அறுபத்தேழு. இல்லை, பன்னிரண்டு. உடனே கோபம் வருகிறது அவளுக்கு: ஏழும் ஐந்தும்தான் பன்னிரண்டு என்று இப்போதுதானே சொன்னீர்கள், பள்ளிக்கூடத்திலாவது ஓர் ஒழுங்கு வேண்டாமா!

சிரிப்பு இங்கே சேட்டையால் வரவில்லை. பிப்பி விதியை மதிக்கிறாள், அதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறாள், அதனாலேயே அது கலைந்துபோகிறது. போகும்போது ஆசிரியைக்கு ஒரு தங்கக் கடிகாரம் பரிசு கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆசிரியையும் கெட்டவர் இல்லை, பொறுமையோடு பேசுபவர். அவரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தால் காட்சி மலிவாகியிருக்கும்.

மறக்கக் கூடாத இன்னொன்று டாமியும் அனிகாவும். பக்கத்து வீட்டு ஒழுக்கமான பிள்ளைகள். அவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பதால்தான் பிப்பி பிரமாண்டமாகத் தெரிகிறாள். வாசிக்கும் குழந்தை நிற்கும் இடம் அவர்களுடைய இடம்தான்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் விதிமுறை உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்: கல்யாணப் பந்தி, ரேஷன் கடை, பிரேயர். அங்கே எல்லாரும் கேள்வி கேட்காமல் பின்பற்றும் ஐந்து விதிகளை எழுதட்டும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அதை முழு மனதோடு, அட்சரம் பிசகாமல் நம்பும் ஒருவரை உள்ளே அனுப்பட்டும். பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சாதாரணப் பிள்ளைகள் கட்டாயம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பிப்பிக்கு அந்தக் காலத்தில் எதிர்ப்பே வரவில்லையா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

வந்தது. 1946 ஆகஸ்டில் ஜான் லாண்ட்க்விஸ்ட் என்ற பேராசிரியர் 'ஆஃப்டன்ப்ளாடெட்' நாளிதழில் கடுமையாக எழுதினார். விருந்தில் முழு கேக்கையும் ஒருத்தியே தின்பதும், கொட்டிக்கிடக்கும் சர்க்கரைமேல் வெறுங்காலோடு நடப்பதும் இயல்பான குழந்தை செய்யும் காரியமா என்பது அவர் கேள்வி. பிரான்ஸில் வேறு மாதிரி நடந்தது. 1951-ல் வந்த பிரெஞ்சுப் பதிப்பில் புத்தகத்தைக் குறைத்து, அடக்கி, குதிரையை மட்டக்குதிரையாக்கிவிட்டார்கள். ஒரு சிறுமி முழுக் குதிரையைத் தூக்குவதைப் பிரெஞ்சுக் குழந்தைகள் நம்ப மாட்டார்களாம். மட்டக்குதிரையைத் தூக்கும் பிரெஞ்சுச் சிறுமியின் புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள் என்று லிண்ட்கிரென் பதில் எழுதியதாகச் சொல்வார்கள். முழுமையான பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வர 1995 ஆயிற்று. சிறுவர் நூலை மொழிபெயர்ப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய கதை: மிகையை 'நம்பும்படி' குறைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சிறுவர் நாவல் ஒன்று எழுதி மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். 'கருத்து நன்று, கதை ஓடவில்லை' என்கிறார்கள். லிண்ட்கிரென் புதியவர்களுக்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

சொல்லியிருக்கிறார். 1970-ல் வருங்காலச் சிறுவர் எழுத்தாளர் ஒருவருடன் உரையாடுவது போல ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் நோய்க்கு நேரடி மருந்து அதில் உண்டு. அன்றைக்கு ஸ்வீடனில் சமூகப் பிரச்சினைகளை அடுக்கிச் சிறுவர் நூல் எழுதுவது வழக்கமாகியிருந்தது. அதைச் சமையல் குறிப்பாகவே எழுதிக் கேலி செய்தார்: விவாகரத்தான ஓர் அம்மா, கொஞ்சம் காற்று மாசு, சில சிட்டிகை உலகப் பசி, ஆசிரியர் கொடுமை, மேலே தூவ வியட்நாம். பிரச்சினைகளை எழுதக் கூடாது என்பதில்லை. அவரே சாவையும் கொடுங்கோன்மையையும் எழுதியவர்தான். பட்டியலிலிருந்து தொடங்காதே, மனிதரிலிருந்து தொடங்கு என்பதே சாரம்.

அதே கட்டுரையில் நகைச்சுவைக்கு ஒரு விதி சொல்கிறார். குழந்தைக்கு மட்டும் சிரிப்பு வருவதை எழுதலாம்; குழந்தைக்கும் பெரியவருக்கும் வருவதையும் எழுதலாம்; பெரியவருக்கு மட்டுமே வரும் என்று தெரிந்ததை எழுதக் கூடாது. குழந்தையின் தலைக்கு மேலே பெரியவரைப் பார்த்துக் கண்ணடிப்பது துரோகம் என்று நினைத்தார். 'எமில்' கதையில் பையன் சூப்புப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்து மாட்டிக்கொள்கிறான். உடைத்து எடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. பாத்திரம் நாலு குரோனா, டாக்டருக்கு மூன்றுதான், ஒரு குரோனா மிச்சம் என்று கணக்குப் போட்டு டாக்டரிடம் கூட்டிப்போகிறார். டாக்டருக்கு மரியாதையாகத் தலைவணங்குகிறான் எமில். பாத்திரம் மேஜையில் மோதி இரண்டாகிறது. உடைந்த சத்தத்துக்குக் குழந்தை சிரிக்கும், கஞ்சத்தனத்துக்குப் பெரியவர் சிரிப்பார், ஆனால் கணக்கு குழந்தைக்கும் புரியும்.

இனி உங்கள் பிரதிக்கு வருவோம். மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் பெரியவர் அறிவுரை சொல்லும் இடமெல்லாம் சிவப்பு. ஆசிரியராக நீங்களே விளக்கும் இடமெல்லாம் நீலம். குழந்தைப் பாத்திரம் தானாக ஒன்றை முடிவு செய்து செய்யும் இடமெல்லாம் பச்சை. 'கதை ஓடவில்லை' என்றால் பெரும்பாலும் முதல் முப்பது பக்கத்தில் பச்சை அரிதாக இருக்கும். சிவப்பைப் பாதியாக்குங்கள். நீலத்தை வெட்டிவிட்டு ஒரு குழந்தையிடம் படித்துக்காட்டுங்கள். அது கேள்வி கேட்கும் இடத்தில் மட்டும் ஒரு வரி திருப்பிச் சேருங்கள். அத்தியாயம், வாய்விட்டுப் படித்தால் இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரவில் படித்துக்காட்டும் பெற்றோருக்கு அதற்கு மேல் தாங்காது.

அவர் கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தைக்குத் தாயானவர் என்று படித்தேன். எழுத்தில் அதன் தடம் உண்டா?
— ஒரு வாசகி, சென்னை

ஊரான விம்மர்பியில் உள்ளூர்ப் பத்திரிகையில் பயிற்சியாளராக இருந்தபோது, மணமானவரும் வயதில் மிக மூத்தவருமான பத்திரிகை ஆசிரியரால் கருவுற்றார். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள மறுத்து ஸ்டாக்ஹோம் போனார். அங்கேதான் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். 1926 டிசம்பரில் கோபன்ஹேகனில் மகன் லார்ஸ் பிறந்தான்; அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அங்கே ஒரு வளர்ப்புத் தாயிடம் குழந்தையை விட்டு, காசு சேர்ந்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்தார். 1931-ல் ஸ்டூரே லிண்ட்கிரெனை மணந்த பிறகுதான் மகன் நிரந்தரமாகக் கூட வந்தான்.

தடம் இருக்கிறது. 1954-ல் வந்த 'மியோ, என் மகனே'யில் பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறுவன் தன் அப்பாவைத் தேடிப் போகிறான். 1956-ல் வந்த நாவலில் ராஸ்மஸ், தனக்கென்று பெற்றோர் தேடி அநாதை இல்லத்திலிருந்து ஓடுகிறான். காத்திருக்கும் சிறுவர்கள் அவருடைய நூல்களில் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை அவர் பரிதாபத்துக்குரியவர்களாக எழுதுவதில்லை, மரியாதையோடு எழுதுகிறார். அதற்கு மேல் வாழ்க்கையையும் கதையையும் வரிக்கு வரி பொருத்திப் பார்ப்பது நியாயமில்லை.

பிப்பியின் அப்பா தென்கடல் தீவின் ராஜாவாக வரும் பகுதியில் நிறவெறி இருக்கிறதே. குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இருக்கிறது. மூலத்தில் அவரைக் 'கறுப்பர்களின் ராஜா' என்ற பொருளில், இன்று இழிசொல்லாகிவிட்ட சொல்லால் குறிக்கிறார்கள். வெள்ளைக்காரர் கரையொதுங்கியதும் தீவு மக்கள் அவரை ராஜாவாக்கும் அமைப்பும் சிக்கலானதே. 2015-ல் ராபேன்–ஷோக்ரென், வாரிசுகளின் சம்மதத்தோடு அந்தச் சொல்லைத் 'தென்கடல் ராஜா' என்று மாற்றியது. சொல் மாறினாலும் அமைப்பு மாறவில்லை. முதல் புத்தகத்தைத் தயங்காமல் கொடுங்கள். தீவுக்கே போகும் மூன்றாவதைப் பத்து வயதுக்கு மேல், கூட உட்கார்ந்து, அந்தத் தீவுக் குழந்தைகள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

'லயன்ஹார்ட் சகோதரர்கள்' படிக்கத் தொடங்கி, இரண்டாவது அத்தியாயத்தில் அண்ணன் இறந்ததும் மகள் அழுதுவிட்டாள். நிறுத்திவிட்டேன். சாவைக் குழந்தைகளுக்கு ஏன் எழுதினார்? தொடரலாமா?
— ஒரு தாய், சேலம்

நிறுத்திய இடம்தான் தவறு. 1973-ல் வந்த இந்த நாவலில் நோயாளித் தம்பி கார்ல் சீக்கிரம் இறந்துவிடுவான் என்று தெரியும். அண்ணன் யோனத்தான், இறந்தபின் போகும் நாங்கியாலா என்ற நாட்டைச் சொல்லி அவனைத் தேற்றுகிறான். ஆனால் தீப்பிடித்த வீட்டிலிருந்து தம்பியை முதுகில் சுமந்து குதித்து அண்ணனே முதலில் இறக்கிறான். பிறகு தம்பி நாங்கியாலா போய் அண்ணனைச் சந்திக்கிறான். சாவுக்கும் சந்திப்புக்கும் நடுவே உள்ள பக்கங்கள் மிகக் கொஞ்சம். அவற்றை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். நடுவில் ஓர் இரவு வந்தால் குழந்தை அண்ணனின் பிணத்தோடு தூங்கப் போகும்.

ஏன் எழுதினார் என்றால், குழந்தைகள் சாவைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். விம்மர்பி கல்லறையில், 1860-ல் இறந்த இரண்டு சின்னச் சகோதரர்களின் கல்லைப் பார்த்தது ஒரு தூண்டுதல். ஒரு குளிர்கால விடியலில், ரயிலில் ஃப்ரூக்கன் ஏரிக்கரையோரம் போகும்போது கண்ட ஒளி இன்னொன்று. 'எமில்' படத்துக்குத் தேர்வான சிறுவனை அவன் அண்ணன் அணைத்துக்கொண்ட காட்சி மூன்றாவது.

முடிவைத்தான் பெரியவர்கள் அதிகம் எதிர்த்தார்கள். நெருப்பால் முடங்கிய அண்ணனை இந்த முறை தம்பி சுமந்துகொண்டு பள்ளத்தில் குதிக்கிறான். அடுத்த நாட்டின் வெளிச்சம் தெரிகிறது என்று கதை முடிகிறது. தற்கொலையை அழகாக்குகிறது என்றார்கள். அது இலேசான குற்றச்சாட்டு இல்லை. ஆகவே பெரியவர் துணை வேண்டும். குழந்தைகளோ அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். சகோதரர்கள் இருவரும் அங்கே நலமாக இருக்கிறார்கள் என்று பதில் சொன்னார் லிண்ட்கிரென்.

ஒன்பது, பத்து வயதுக்கு முன் வேண்டாம். முழுப் புத்தகத்தையும் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். தொடக்க அத்தியாயங்களை நாங்கியாலா வரை ஒரே அமர்வில், கடைசி இரண்டை விடுமுறைப் பகலில் வாசியுங்கள். முடித்ததும் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள், கேள்வி வரட்டும். வீட்டில் அண்மையில் சாவு நிகழ்ந்திருந்தாலோ, குழந்தை தன்னையே வெறுத்துப் பேசுகிற நிலையில் இருந்தாலோ இந்தப் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள். உங்கள் மகள் அழுதது நல்ல வாசகி என்பதற்கு அடையாளம். அவள் சம்மதித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற சட்டம் இவரால் வந்ததா?
— ஒரு வாசகர், மதுரை

இவரால் மட்டும் என்று சொல்ல முடியாது. 1978-ல் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசை பிராங்க்ஃபர்ட்டில் பெற்றபோது வன்முறையே கூடாது என்று பேசினார். உரையை முன்கூட்டிப் பார்த்த அமைப்பாளர்கள், பரிசை வாங்கிக்கொண்டு சுருக்கமாக நன்றி சொன்னால் போதும் என்றார்கள். பேச முடியாவிட்டால் வரவே மாட்டேன் என்று நின்றார். அடிப்பதற்குக் குச்சி எடுத்துவரச் சொன்ன அம்மாவிடம், குச்சி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறியுங்கள் என்று மகன் அழுதுகொண்டே வந்து நின்ற கதை அந்த உரையில்தான் வருகிறது. அடுத்த ஆண்டு, 1979 ஜூலையில், வீட்டிலும் குழந்தையை அடிப்பதைத் தடைசெய்த முதல் நாடானது ஸ்வீடன். விலங்குகள் பாதுகாப்புக்கு 1988-ல் வந்த சட்டத்தை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அவருக்கோ அது போதவில்லை என்ற வருத்தம்.

எந்த வரிசையில் வாங்குவது? ஆங்கிலத்தில் எந்தப் பதிப்பு?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

ஐந்து, ஆறு வயதுக்கு லோட்டா கதைகளும் 'புல்லர்பி' குழந்தைகளும். ஆறு முதல் ஒன்பதுக்கு முதல் பிப்பி; பதினொரு அத்தியாயம், தினம் ஒன்று. அதோடு எமில். எட்டு, ஒன்பதில் மியோவும் ராஸ்மஸும். பத்துக்கு மேல் லயன்ஹார்ட், பிறகு 1981-ல் எழுபது வயதைக் கடந்து அவர் எழுதிய 'ரோன்யா'. பதின்பருவத்துப் பெண்ணுக்கு ரோன்யாவிலிருந்தே தொடங்கலாம். பகையாளிக் கொள்ளைக் கூட்டங்களின் இரு பிள்ளைகள் நட்பாகி, பெற்றோரை விட்டுக் காட்டுக்குப் போகும் கதை.

பிப்பிக்குப் பல ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. டீனா நனலி செய்தது 2007-ல் வந்தது, வாய்விட்டுப் படிக்க எளிது. லயன்ஹார்டுக்கு ஜோன் டேட். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் 'சுருக்கப்பட்டது' என்று உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.